டவுன்லோடில் கிடந்தது

பிரைவேட் விண்டோவில்தானே பார்த்தேன், மூடியதும் எதுவும் மிஞ்சியிருக்காது. மருமகள் இப்படித் தன்னைத் தேற்றிக்கொண்டாலும், மாமியார் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இங்க வாம்மா. பேரன் போட்டோவைத் தேடினேன். டவுன்லோட்ல வேற என்னமோ கிடக்குது."

அவள் இறக்கிய படம்தான். பார்த்த பக்கங்களை மறந்துவிடும் அந்த விண்டோ, இறக்கியதை அழிக்காது என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

"அது… ஏதோ விளம்பரம், அத்தை."

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் பெரிசாக்கு, கண்ணு தெரியல."

"எதுக்கு அத்தை?"

"முதியோர் இல்லத்துல கட்டிலை வரிசையாப் போட்டிருக்காங்க பாரு. எனக்கு ஜன்னலோரமாக் கிடைக்குமான்னு போன் பண்ணிக் கேளு."

குரலில் துளியும் கோபமில்லை. அதுதான் அவளைக் குத்தியது.

"கேக்க மாட்டேன் அத்தை," என்றாள், தலை நிமிராமல்.