குப்புறப் படுத்தவர்

ஏற்காடு ஏறும் ஐந்து மணி பஸ் மூன்றாவது வளைவில் திரும்பியபோது, நின்றுகொண்டு வந்த சின்னன் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து லாசரின் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தான்.

"உங்களைக் கும்புடணுமுங்க சார்."

லாசருக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. காலையில் மாரமங்கலத்திலிருந்து அப்பனைக் கூட்டி வந்தவன்.

சேலத்து ஸ்கேன் சென்டரில் படம் எடுக்கும் வேலையில் லாசருக்கு இது நாலாவது வருடம். ஏற்காட்டிலிருந்து தினமும் இறங்கி, தினமும் ஏறுகிறவன்.

சின்னனின் அப்பன் வெள்ளையன், காப்பி மூட்டை தூக்கித் தூக்கி முதுகு வில்லாக வளைந்துபோனவர். மூன்று வாரத்துக்கு முன்னால் ஈரப் பாறையில் வழுக்கி விழுந்தார். அன்றிலிருந்து பகலெல்லாம் தூக்கம், கேட்டதற்குப் பதில் இல்லை.

"மல்லாக்கப் படுக்க முடியாட்டி எடுக்க முடியாதுன்னு ரண்டு எடத்துல தொரத்திட்டாங்க. நீங்கதானுங்க சார், வகுத்துக்கடியில தலகாணி வெச்சுக் குப்புறப் போட்டு எடுத்தீங்க."

மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதாம். படத்தைப் பார்த்து டாக்டர் சொல்லிவிட்டாராம். நாளைக் காலை ஆறு மணிக்கு ஓட்டை போட்டு எடுக்கப் போகிறார்கள். அக்காவை ஆஸ்பத்திரியில் துணைக்கு விட்டுவிட்டு, மாட்டைக் கட்டிவிட்டு வரலாமென்று சின்னன் ஊருக்குக் கிளம்பியிருக்கிறான்.

"வலப்பக்கம் மட்டும் வழிச்சு உட்டுட்டாங்க. பாதி மொட்டையோட எங்கப்பன் உக்காந்திருக்கறதப் பாத்தா, நொம்ப நாளைக்கு அப்பறம் சிரிப்பு வருதுங்க."

லாசரும் சிரித்தான்.

சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

ஆளைக் குப்புறப் போட்டால் இயந்திரத்துக்கும் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆள் மல்லாந்து கிடப்பதாகவே அது எண்ணிக்கொள்ளும். இடது பக்கத்தை வலது என்று எழுதிவிடும்.

அவன் சொல்லவில்லை.

தலையணை நழுவாமல் பார்த்துக்கொண்டதிலும், மூச்சு முட்டாமல் முகத்தை வைத்ததிலும் அது விட்டுப்போயிருந்தது. படங்களில் மூக்கு கீழ்நோக்கி இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தி மேலே திருப்பிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். அவ்வளவுதான் செய்தான்.

ரத்தம் உண்மையில் இடது பக்கம் இருக்கிறது.

பஸ் முனகிக்கொண்டு ஏறியது. சின்னன் ஏதோ பேசிக்கொண்டே வந்தான். லாசர் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தான்.

ஏற்காட்டில் இறங்கியதும் எதிரிலேயே போன் பூத் இருக்கிறது. 'படம் சரியாக விழவில்லை, ஆறு மணிக்கு முன்னால் இன்னொரு தடவை எடுத்துவிடுகிறேன்' என்று டாக்டரிடம் சொன்னால் போதும். புதுப் படம் வந்துவிடும். பழையதைக் கிழித்துப் போடலாம். வேலையும் இருக்கும்.

நெஞ்சு எக்ஸ்ரே நூறு எடுத்தால் உடம்பு எவ்வளவு கதிர் வாங்குமோ, அவ்வளவையும் வெள்ளையனின் தலை இன்னொரு முறை வாங்கிக்கொள்ளும். அது வெளியே தெரியாது.

இத்தனை வயதுக்கு மேல் அது அவரை என்ன செய்துவிடப் போகிறது என்றது மனம். அப்படிச் சொன்ன மனத்தை லாசர் ஒரு வளைவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உண்மையைச் சொன்னால் கதிரே வேண்டாம். இருக்கிற படமே போதும். 'நான்தான் மாற்றிவிட்டேன்' என்று ஒருவன் நேரில் போய் நின்றால் சரி.

காலையில் அரைமணி நேரம், மூச்சு இரைக்க இரைக்க, அந்த மனிதர் கல்லைப் போலக் கிடந்தார். மூன்று வாரமாக வாய் திறக்காதவர், முடிந்து தூக்கி உட்கார வைத்தபோது மெதுவாகக் கேட்டார்: "அசைஞ்சுட்டனா, சாமி?"

இல்லை. மயிரிழைகூட அசையவில்லை.

லாசர் எழுந்து வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"ஏனுங்க, இந்த வளைவுல யாரு ஊடு இருக்குது? கொரங்கு ஊடுதான் இருக்குது," என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

ஒன்றும் புரியாமல் சின்னனும் பின்னாலேயே இறங்கினான்.

பஸ் போன பிறகு ரோட்டில் பனியைத் தவிர எதுவும் இல்லை. லாசர் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அண்ணா, ரத்தம் எடப்பக்கம் இருக்குதுங்க. நாந்தான் மாத்திக் குடுத்துட்டேன். இப்பவே போய்ச் சொல்லணும்."

அடி விழும் என்று நினைத்தான். விழவில்லை.

இருவரும் கீழ்நோக்கி நடந்தார்கள்.

"ஓட்டை போடறதுக்கு முன்ன சொல்றீங்களே, அதுவே போதுமுங்க," என்றான் சின்னன், ஒரு வளைவு தாண்டியதும். லாசரைத் தேற்றுகிற குரலில் தொடர்ந்தான்.

"மனசு உடாதீங்க சார். கரடியூர் காளியாயிதானுங்க உங்ககிட்டப் போகச் சொன்னது. அவுங்க ஊட்டுக்காரரு ஐயாக்கண்ணுக்கும் மண்டையில அடி, முதுகும் இப்படித்தான். போன வருசம் நீங்கதான் குப்புறப் போட்டு எடுத்தீங்களாமே. அவரு பொழைக்கலீன்னாலும், உங்களை அந்தம்மா இன்னைக்கும் சாமியாட்டந்தான் சொல்லுது. டாக்டரு என்னமோ, ஓட்டை போட்ட பக்கம் பாத்தா உள்ள ஒண்ணுமே இல்லீன்னு..."

சின்னன் பாதியில் நிறுத்திவிட்டான்.

லாசர் நடக்கவில்லை.

மேலேயிருந்து ஒரு லாரியின் வெளிச்சம் பனிக்குள் இறங்கி வந்தது.

கையை நீட்டி அதை நிறுத்தியது சின்னன்தான்.