பதினோராவது ஊசி

சோப்புக் கட்டியில் பத்து ஊசிகள் குத்தியிருந்தன.

அவர் மறுபடியும் எண்ணினார். பத்து.

காலையில் கொடுத்தவை பதினொன்று. பிள்ளைகளும் பதினொரு பேர்.

குடியிருப்பின் கீழ்த்தளத்தில், மோட்டார் அறைக்குப் பக்கத்தில், பெரிய பாய் விரித்திருந்தது. சென்ற ஆண்டின் பள்ளி நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைப் பிள்ளைகள் கொண்டு வந்திருந்தார்கள். அவற்றை மடித்து, அடுக்கி, முதுகில் தைத்து, பழைய காலண்டர் அட்டையை ஒட்டினால் ஒரு புதிய நோட்டு. ஞாயிறுதோறும் அவர் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

தைக்கும்போது கதையும் உண்டு. இன்று நரியின் மேல் ஆமை போட்ட வழக்கு. தீர்ப்பு வருவதற்குள் மணி பதினொன்றாகிவிட்டது.

ஊசிதான் பதினொன்றாகவில்லை.

"பாய்ல பாருங்க. மடியில பாருங்க. நோட்டுக்குள்ள பாருங்க."

பார்த்தார்கள். இல்லை.

"தமிழினி, நீ அதுமேலயே உக்காந்திருக்கப் போற. குத்தலையாடி?" என்றது ஒரு பிள்ளை.

"உன் வாயில குத்தட்டும்."

"போனாப் போவுது மாமா," என்றான் ஹரீஷ். "எங்க வீட்ல ஒரு டப்பா ஊசி இருக்கு. எங்கம்மா ஒரு பட்டன்கூடத் தச்சதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. சோப்பைத் திருப்பி இன்னொரு முறை எண்ணத் தொடங்கினார்.

ஒன்பது ஆண்டுகள் அவர் நோட்டுத் தைத்த இடத்தில், ஓர் ஊசி குறைந்தால் ஒருவரும் அறைக்குத் திரும்ப முடியாது. சோறு வராது. வெயில் ஏறி, இறங்கும். ஊசி கிடைக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

அது சிறை.

இங்கே அது யாருக்கும் தெரியாது. எங்கே கற்றீர்கள் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் கேட்டபோது, "ஒரு பிரஸ்ல, சார்" என்றிருந்தார். பொய் இல்லை. சிறைக்குள் ஓர் அச்சகம் இருந்தது.

தெரிந்தால் இந்தப் பாய் இருக்காது. இந்தப் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். லாரி ஷெட்டில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டும் ஆறு நாட்களும் அவரை யாரும் எதுவும் சொல்லி அழைப்பதில்லை. ஏழாம் நாள் அவர் நோட்டு மாமா.

எண்ணிக்கை மறுபடியும் பத்துதான்.

"ரெண்டு ரெண்டு பேரா உக்காருங்க!"

அது அவருடைய குரல் அல்ல. உள்ளே வார்டர்களிடம் அவர் பல ஆயிரம் முறை கேட்ட குரல்.

பிள்ளைகள் சட்டென்று உட்கார்ந்தார்கள். இரண்டு இரண்டாக, வரிசையாக, சம்மணமிட்டு. வரிசையின் கடைசியில் அருள்மதி மட்டும் ஜோடியில்லாமல் இருந்தாள். அவளுடைய உதடு துடித்தது.

அழைத்துப்போக வந்தவர்கள் படியருகே நின்றுவிட்டார்கள். பேரனுக்காக வந்தவர், செயலாளர் ராஜமாணிக்கம். அவருக்குப் பின்னால் அருள்மதியின் தாய் எஸ்தர். பி பிளாக்குக்குக் குடிவந்து நான்கு மாதமாகிறது. யாரோடும் அதிகம் பேசமாட்டாள்.

"என்ன சார் இது? ஜெயில்ல ஆள் எண்ற மாதிரி உக்கார வச்சிருக்கீங்க?"

செயலாளர் உரக்கச் சிரித்தார்.

சிரிப்பு நின்றது. பார்வை நிற்கவில்லை. பிள்ளைகளிடமிருந்து அது நோட்டு மாமாவின் கைகளுக்கு வந்தது. அவை சோப்புக் கட்டியை இறுகப் பற்றியிருந்தன.

"பிரஸ்ஸுன்னுதானே சொன்னீங்க?"



"அய்ய, இது ஆட்டம் சார்," என்றாள் எஸ்தர்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சின்னதுல நாங்க ஆடுவோம். ஜோடி இல்லாதவங்க அவுட்டு." செருப்பைக் கழற்றினாள். "எம் பொண்ணு அவுட்டாவறத நான் பாத்துட்டு நிக்கணுமா?"

போய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அருள்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எண்ணுங்கண்ணா."

மேலே தொட்டி நிரம்பித் தண்ணீர் சுவரில் வழியும் சத்தம் கேட்டது. "மோட்டார நிறுத்தலையா யாரும்? எல்லாத்தையும் நானே பாக்கணும்," என்று செயலாளர் மோட்டார் அறைக்கு ஓடினார்.

நோட்டு மாமா எண்ணத் தொடங்கினார். இரண்டு. நான்கு. ஆறு. எட்டு. பத்து.

கடைசி ஜோடியின் முன் நின்றார்.

எஸ்தர் சம்மணமிட்டிருக்கவில்லை. பாதங்களைச் சேர்த்துக் குத்தவைத்திருந்தாள். இரு கைகளும் முழங்கால்களின் மேல் இருந்தன. உள்ளங்கைகள் மேல்நோக்கி விரிந்திருந்தன, எதுவும் மறைக்கவில்லை என்று காட்டுவதற்கு. தலை தாழ்ந்திருந்தது.

அப்படி உட்கார அவர் இங்கே யாருக்கும் சொல்லித்தரவில்லை.

மோட்டார் நின்றது.

"பன்னெண்டு," என்றார். இப்போது அது அவருடைய குரல். "எல்லாம் சரியா இருக்கு. பாத்து, மெதுவா எழுந்து போங்க. தீர்ப்பு அடுத்த வாரம்."

மெதுவாக யார் போவார்கள்? ஆமைதான் ஜெயிக்கும் என்றும், போடா நரிதான் என்றும் ஒரு சண்டை படியேறிப் போயிற்று. தாயின் கையைத் தட்டிவிட்டு அருள்மதியும் அதோடு ஓடினாள்.

எஸ்தர் மட்டும் எழவில்லை.

பிள்ளைகளுக்கு இது ஆட்டம். முடிந்துவிட்டது. அவளுக்கு, எழுந்திரு என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

அதற்காக அந்தக் குரலை இன்னொரு முறை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அவளுக்குப் பக்கத்தில், பாயில், ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

அவர் போய் அங்கே உட்கார்ந்தார்.