எந்த நாடு?

வீட்டில் நிச்சயித்த கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது தமயந்தி திருப்பூருக்கு ஓடிவந்தாள். எட்டு மாதமாகிவிட்டது. அம்மாவுக்கு ஒரு வரியாவது எழுத வேண்டும். ஆனால் அவளுடைய மெயிலின் கடவுச்சொல் அண்ணனுக்குத் தெரியும். எங்கிருந்து திறந்தாள் என்று பார்த்துவிடுவான்.

“வி.பி.என். போட்டுக்கடி, வேற நாட்டுல இருந்து தொறந்த மாதிரி காட்டும்,” என்றாள் அறைத்தோழி ஜெசிந்தா. “ஓசியில கெடைக்கறது வேண்டாம், நம்ம விவரத்தையே வித்துருவாங்க. ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்துக் காசு கட்டி வாங்கு.”

இரண்டு நாள் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, எதையும் பதிந்துவைப்பதில்லை என்று உறுதி சொன்ன ஒன்றை வாங்கினாள். எந்த நாடு என்று அது கேட்டது. அண்ணனால் தேடிப் போக முடியாத தூரமாகப் பார்த்து நார்வேயைத் தொட்டாள். ‘நல்லா இருக்கேம்மா’ என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் பதில் வந்திருந்தது. அம்மாவுக்குத் தட்டச்சு வராது. யாரையோ கெஞ்சி அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

‘நீ நார்வேயில இருக்கறதா அண்ணன் சொன்னான். அங்க பனியா கொட்டுமாமே. தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட வெளிய போகாத கண்ணு. காதை மூடிக்க.’

அறைக்குள் சித்திரை வெக்கை தகித்துக்கொண்டிருந்தது. தமயந்தி கொடியிலிருந்த துப்பட்டாவை எடுத்து, இரண்டு காதும் மறையும்படி இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.