மாஸ்டர் பெட்ரூமில் இருபது நிமிடம்

கோபாலசாமியின் கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. எதிர்ச்சாரியில் வேனுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்த மணியன் நூறு வரை எண்ணிவிட்டுத்தான் நிமிர்ந்தான். எஞ்சினை அணைத்து வைத்திருந்ததால் ஜனவரிக் குளிர் எலும்பு வரை இறங்கியிருந்தது.

வேனின் பக்கவாட்டில் அவன் கம்பெனி பெயர் பெரிதாக எழுதியிருக்கும். அதன்மேல் பூப்போட்ட பெட்ஷீட் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். பெயர் தெரிந்திருந்தால்கூட அந்தத் தெருவில் யாரும் அந்த வேனை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோபாலசாமியும் அவர் மனைவி தாமரைச்செல்வியும் கோயிலுக்குக் கிளம்புவார்கள். அங்கேயே பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குத்தான் திரும்புவார்கள். அமெரிக்க ஊரான பிஸ்கட்டவேயின் தமிழர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். மணியனுக்குக் கூடுதலாகக் கராஜ் கதவைத் திறக்கும் நாலு இலக்க ரகசிய எண்ணும் தெரியும். போன மாதம் அந்த வீட்டில் புது பாய்லர் வைத்து, மாடியில் குழாய்களை மாற்றிக் கொடுத்த பிளம்பர் அவன்தான். நம்பி எண்ணைச் சொன்னதே தாமரைச்செல்விதான்.

அந்த நம்பிக்கையை நினைத்தபோது அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

உள்ளே நுழைந்ததும் பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். நாலடி நடந்த பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்து ஷூவை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

பூஜை அலமாரியில் வெள்ளிக் குத்துவிளக்குகள் இரண்டு பளபளத்தன. மேஜைமேல் புது லேப்டாப் ஒன்று கிடந்தது. அவன் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக மாடியேறி மாஸ்டர் பெட்ரூமுக்குப் போனான். பிடிபட்டால் ஏழு வருஷமாகச் சம்பாதித்த பெயர் ஒரே நாளில் போய்விடும்.

சுவரிலிருந்த சின்ன மூடியைச் சத்தமில்லாமல் கழற்றினான். இருபது நிமிடம். காரியத்தை முடித்து, மூடியைப் பொருத்தி, விழுந்த தூசியைக்கூடத் துடைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

மாடிப்படியில் தாமரைச்செல்வி நின்றுகொண்டிருந்தாள்.

"மணியனா?"

அவன் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"இங்க என்ன பண்றீங்க, தம்பி? கையில க்ளவ்ஸ் வேற." அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். "நீங்களா சொல்றீங்களா, இல்ல போலீஸுக்கு நைன் ஒன் ஒன் கால் பண்ணட்டுமா?"

மணியன் ஒரு நொடி யோசித்தான்.

"திருட வந்தேன், ஆன்ட்டி."

"என்னது?"

"நகை இருக்கும்னு நெனச்சேன். புத்தி கெட்டுப் போச்சு."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நகையெல்லாம் பேங்க் லாக்கர்லதானே இருக்கு. வீட்ல யாராவது வெப்பாங்களா, தம்பி?"

மணியன் ஒரு குண்டுமணிகூட எடுக்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் திருடன் என்று பெயர் வாங்கினால் ஊர் என்றைக்காவது மன்னித்துவிடும். குழாயை மாற்றிப் பொருத்திய பிளம்பருக்கு மன்னிப்பே கிடையாது. அதே ஊரில் ஹீட்டர் வேலை பார்த்த சேனாபதிக்கு நடந்ததை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். ஒரு வீட்டில் ஹீட்டர் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் மாடி தெர்மோஸ்டாட்டின் வயரையும் கீழ்த்தள வயரையும் சேனாபதி மாற்றிக் கொடுத்துவிட்டார். மாடியில் மனைவி சூட்டைக் கூட்டக் கூட்டக் கீழே கணவனுக்கு வேர்த்துக் கொட்டியது. அவன் குறைக்கக் குறைக்க அவளுக்குப் பல் கிட்டியது. விவாகரத்து வக்கீல் வரைக்கும் போன பிறகுதான் காரணம் தெரிந்தது. லேடீஸ் வாட்ஸ்அப் க்ரூப்பில் ஒரே ஒரு மெசேஜ். சேனாபதி இப்போது ஊபர் ஓட்டுகிறார்.

மணியன் செய்துவைத்ததோ அதைவிடக் கேவலம். பச்சைத் தண்ணீருக்குப் போடும் நீலக் குழாய் தீர்ந்துபோய், எல்லாவற்றுக்கும் வெந்நீர்க் குழாயான சிவப்பையே இழுத்தான். கடைசியில் எது எதுவென்று தானே குழம்பி, டாய்லெட்டுக்கும் அதன் பக்கத்தில் மாட்டிய கை ஸ்ப்ரேக்கும் வெந்நீரைக் கொடுத்துவிட்டான். நேற்றைக்குப் போனில் அந்த வேலையின் போட்டோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. ஊருக்குத் தெரிவதற்குள் மாற்றிவிட வந்தான். பெட்ரூம் சுவர் மூடிக்குப் பின்னாலிருந்த குழாய்களைப் பச்சைத் தண்ணீருக்கு மாற்றியும் விட்டான்.

தாமரைச்செல்வி போனைக் கீழே வைத்தாள்.

"போலீஸெல்லாம் வேணாம். யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். போன மாசம் நீங்க பண்ணிக் குடுத்த வேலைக்கு இதக்கூட மன்னிக்கலன்னா எப்படி?"

"எந்த வேலை, ஆன்ட்டி?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க பாருங்க. பதினெட்டு வருஷமா இந்த ஊர் ஐஸ் தண்ணியில கழுவிக் கழுவி அழுதிருக்கேன். ஸ்ப்ரேயில வெந்நி வர்ற மாதிரி வெச்சுக் குடுத்துட்டு, ஒரு வார்த்தை பெருமையா சொல்லிக்கலியே நீங்க. நேத்து க்ரூப்ல போட்டேன். நாப்பத்திரண்டு வீட்ல அதே மாதிரி வேணுமாம், அதுவும் நீங்கதான் வரணுமாம்."

வெளியே வரிசையாகக் கார் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"கோயிலுக்கு வந்தவங்க பன்னெண்டு பேர் இப்பவே பாத்தாகணும்னு பின்னாடியே வந்துட்டாங்க. பாத்ரூமைக் கொஞ்சம் தொடைக்கலாம்னுதான் நான் முன்னாடி ஓடி வந்தேன். நீங்களே ஆன் பண்ணிக் காட்டிடுங்க, தம்பி."

மணியன் பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்து அவள் முன்னால் நீட்டினான்.

"போலீஸையே கூப்பிட்டுடுங்க, ஆன்ட்டி."