ஜனகராஜ் கணிப்பு

அந்தப் பையனுக்குக் காது மந்தமோ என்று சூடாமணிக்குச் சந்தேகம் வந்தது. குத்துச்சண்டைப் போட்டிக்கு எடை பார்க்கும் மேசையிலிருந்து "முத்திருளன், முத்திருளன்" என்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறார்கள், ஆள் மலை மாதிரி அசையாமல் நிற்கிறான். யாரோ தோளைத் தட்டிய பிறகுதான் நகர்ந்தான்.

"இவன்தான் நம்ம கார்த்திகேஷோட மோதப் போறவன்" என்றார் அவள் கணவர் ஜனகராஜ். வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில்தான் சொன்னார். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அவர்களுக்குள் அதே பேச்சுதான்.

ரெண்டு பேரும் ஒரே எடைப்பிரிவு என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. அந்த மலைக்குப் பக்கத்தில் போய் நின்றபோது மகன் பாதி ஆளாகத் தெரிந்தான்.

ஜனகராஜ் அசரவில்லை. புடவைக் கடையில் சேலை விரித்துப் போடுகிற மனுஷர், குத்துச்சண்டை வீடியோவாகப் பார்த்துப் பார்த்து ஜோசியராகவே ஆகிவிட்டார். "சொந்த ஊரு உசிலம்பட்டிப் பக்கம். செல்லூர்ல தறி ஓட்டுறானாம். கையில பலம் இருக்கும், காலு நகராது. முதல் ரவுண்டுல விரட்டுவான், ரெண்டாவதுல மூச்சு வாங்குவான், மூணாவதுல நம்ம பய தட்டித் தட்டியே பாயிண்ட் எடுத்துருவான். எழுதி வச்சுக்க."

சூடாமணி எழுதி வைப்பதை என்றைக்கோ விட்டுவிட்டாள். போன வருஷமும் இதே கணிப்புதான்; அரையிறுதியோடு வீடு திரும்பினார்கள். விடிகாலையில் எழுந்து கஞ்சி காய்ச்சியும், வியர்வைத் துணி அலசியும் அவளுக்கு அலுத்துவிட்டது. இன்று இறுதிப் போட்டியில் மகன் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு விண்ணப்பிக்கலாம். தோற்றால் அவ்வளவுதான், அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். அப்பாவோடு சேலை மடிக்கப் போக வேண்டியதுதான்.

பக்கத்தில் நின்றிருந்த வேறொரு சங்கத்துப் பயிற்சியாளர் அழகுபாண்டி, பெரியவன்தான் ஜெயிப்பான் என்று அடித்துச் சொன்னார். "ஓடுறவன் எம்புட்டு நேரம்ணே ஓடுவான்? நாலு பக்கமும் கயிறு கட்டியிருக்குல்ல?"

"இவன் எங்கிட்டுப் போவான்னு தெரிஞ்சாத்தான மாப்ள, அவன் மறிக்க முடியும்?" என்று ஜனகராஜ் சிரித்தார்.

எடை பார்த்து முடிந்ததும், அதற்காகவே வயிற்றைக் காயப்போட்டிருந்த பிள்ளைகள் எல்லாம் சாப்பாட்டைப் பிரித்தார்கள். சூடாமணி தூக்குவாளியைத் திறந்தாள். புளியோதரை வாசனை தல்லாகுளத்து அந்தப் பள்ளிக்கூட அரங்கையே ஒரு சுற்றுச் சுற்றியது.

முத்திருளனுக்குத் துணைக்கு யாரும் வரவில்லை. சுவரோரம் நின்று தூக்குவாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மந்தமெல்லாம் இல்லை, பசி என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பெற்ற மனசு கேட்குமா? மூடியில் கொஞ்சம் அள்ளிவைத்து அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் கிளம்பி வந்தான்.

"அவனுக்கு எதுக்கு இப்ப?" என்றார் ஜனகராஜ், மகனுக்குப் பரிமாறியபடியே. "சண்டை முடியட்டும். மிச்சம் இருந்தா குடுப்போம்."

பாதி தூரம் வந்த முத்திருளன் திரும்பி, குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். கூச்ச சுபாவம் போல என்று நினைத்து, மூடியிலிருந்ததை அவள் வாளியிலேயே போட்டாள். மனசு உறுத்தியது. ஆனால் புருஷனோடு மல்லுக்கட்ட அவளிடம் தெம்பில்லை.

கார்த்திகேஷ் இருந்தது சின்னக் குத்துச்சண்டைச் சங்கம். மூலையில் துண்டும் தண்ணீருமாக நிற்க ஜனகராஜை விட்டால் ஆளில்லை. மணி அடித்ததும் அவர் கயிற்றடியில் நின்று, "இடது பக்கம் நகரு", "குனிஞ்சு வலது பக்கமா வெளிய வா" என்று வழக்கம்போல வீட்டுப் பேச்சிலேயே கத்த ஆரம்பித்தார்.

கார்த்திகேஷ் இடது பக்கம் நகர்ந்தான். அங்கே முத்திருளன் நின்றான். குனிந்து வலது பக்கமாக வந்தான். அங்கே முத்திருளனின் கை காத்திருந்தது. நகராது என்று சொன்ன கால், ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

கணிப்பு தப்பத் தப்ப ஜனகராஜின் சத்தம் கூடியது. சத்தம் கூடக் கூட மகனுக்கு விழுந்த அடியும் கூடியது. மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கியது கார்த்திகேஷுக்குத்தான். நடுவர் யார் கையைத் தூக்கினார் என்று பார்க்க சூடாமணி நிமிரவே இல்லை.

மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். உதடு கிழிந்திருந்தது. "நான் நகர்றதுக்கு முன்னாடியே அங்க வந்து நிக்கிறான்மா. எப்படித்தான் தெரியுதோ."

ஜனகராஜ் என்னவோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார். சூடாமணி கையைக் காட்டி நிறுத்தினாள். இனி ஒரு கணிப்பைக் கேட்க அவளுக்குத் திராணியில்லை. நாளை விடிகாலையில் எழ வேண்டாம் என்ற நினைப்பு வந்தது. அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே முத்திருளன் நின்றிருந்தான். கழுத்தில் பதக்கம். கைகுலுக்க வந்திருக்கிறான் என்று கார்த்திகேஷ் எழுந்தான்.

முத்திருளன் அவன் தோளை மெல்லத் தட்டிக்கொடுத்துவிட்டு சூடாமணி பக்கம் திரும்பினான். தூக்குவாளியைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தான். பிறகு, செல்லூர்த் தறி முதலாளியின் சௌராஷ்டிர வீட்டிலேயே வளர்ந்தவன் போல, அதே பேச்சில் பிசிறில்லாமல் கேட்டான்.

"சண்டை முடிஞ்சிருச்சும்மா. மிச்சம் இருந்தா குடுங்க."