விட்டுப்போன பக்கங்கள்

மொட்டைமாடியிலிருந்து விழுந்து இறந்த மகனைக் காப்பாற்ற, காலத்தில் பின்னால் போகும் ஒரு தாயின் கதை அது. கடைசி அத்தியாயத்தில் அவள் பதறிக் கூப்பிடுகிறாள். அந்தக் குரலுக்குத் திரும்பும்போதுதான் பையன் கால் தவறுகிறான். வாசகர் கூட்டத்தில் எல்லோரும் அதையே பேசினார்கள். "லைட்ட அணைக்காமத்தான் தூங்கினேன் மேடம்," என்றாள் ஒரு பெண். "பெத்தவ எழுதுற கதையா இது?" என்று ஒருவர் கேலி செய்தார். கதையை எழுதிய பூரணியும் சேர்ந்து சிரித்துவைத்தாள். அவளுடைய மகன் நகுலன் அப்படித்தான் விழுந்தான் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. தேவசகாயம் என்ற பெரியவர் மட்டும் குழப்பத்தோடு எழுந்தார். "பையன் எங்கங்க செத்தான்? பட்டத்து நூலைச் சுருட்டிக்கிட்டு, 'அம்மா, பசிக்குது'ன்னு படிக்கட்டுப் பக்கம் வர்றான். அதோட கதை முடிஞ்சுபோச்சே. நல்ல முடிவுன்னு சொல்லத்தான் வந்தேன்." பதிப்பாளர் அவருடைய பிரதியை வாங்கிப் புரட்டினார். "பைண்டிங்ல கடைசிப் பதினாறு பக்கம் விட்டுப்போச்சு சார். இந்தாங்க, வேற காப்பி." கூடமே சிரித்தது. பூரணி எழுந்து போய், புதிய பிரதி அவர் கைக்குச் சேருமுன் பிடுங்கிக்கொண்டாள். "வேணாங்கய்யா. நீங்க படிக்காதீங்க." சிரிப்பு அடங்கிவிட்டது. தேவசகாயம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ, புள்ள கீழ வந்து சாப்பிட்டான் இல்லம்மா?" பூரணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.