வீட்டில் எத்தனை பேர்?

“கந்தோர்க்காரி இதையும் திருப்பித் தந்துபோட்டாள்!”

நிவாரணக் கந்தோரிலிருந்து அன்புவழிபுரம் வரை வெயிலில் நடந்து வந்த சின்னராசா, விண்ணப்பத்தை மேசையில் எறிந்தார். இது மூன்றாவது தடவை.

“இந்த முறை என்னவாம்?” என்றாள் மனைவி அன்னலட்சுமி.

“எங்கட ஊர் விதானையாரின்ர முத்திரை மங்கலாம். போன முறை என்ர கையெழுத்து விளங்கேல்லையாம். அதுக்கு முதல் திகதி பிழையாம். ஆனா கடைசியில ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். ‘குடும்ப விபரத்தையும் திருப்பி எழுதுங்க. வீட்டில எத்தனை பேர் எண்டு நல்லா யோசிச்சு எழுதுங்க.’ என்ர வீட்டில எத்தனை பேர் எண்டு எனக்குத் தெரியாதோ?”

சின்னராசா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். எண்பத்தைந்தாம் ஆண்டு. சண்டையால் கப்பல் வரத்து குறைந்து, நான்கு மாதமாக வேலை இல்லை. வேலை இழந்தவர்களுக்கு ஆளுக்கு இவ்வளவு அரிசி, மா, பருப்பு என்று நிவாரணம் கொடுத்தார்கள். இவர் வீட்டில் நான்கு பேர். புருஷன், பெண்சாதி, பன்னிரண்டு வயது மகள், பத்தொன்பது வயது மகன் குகன்.

குகனைத் தாய் சந்திக்குக்கூட விடுவதில்லை. சந்திக்குப் போன பொடியன்களை ஆமி பிடித்துக்கொண்டு போய், அவர்கள் திரும்பி வராத காலம். வீட்டுக்குள் அடைந்து கிடந்தாலும் அவனுக்குப் பசிக்கு மட்டும் குறைவில்லை.

“ஒரு ஆளின்ர பங்கை அமத்தப் பாக்கிறாளோ?” என்றாள் அன்னலட்சுமி.

“அதுதான் விளங்கேல்லை. போன முறை கடனுக்கு வாங்கி ஒரு பை கருவாடு கொண்டுபோய் நீட்டினனான். தொடவும் இல்லை. அப்ப அவளுக்கு என்னதான் வேணும்?” விண்ணப்பத்தை எடுத்து மடித்தவர், “எங்கட ஆள் இல்லைத்தானே. கிண்ணியா முஸ்லிம் பிள்ளை. எங்களுக்கு ஏன் செய்யப்போகுது?” என்றார்.

இருபது வருடம் கிண்ணியா ஆட்களோடு ஒரே மூட்டையைத் தூக்கினவர்தான். அன்றைக்கு அது அவருக்கு நினைவு வரவில்லை.

அடுத்த நாளே மேலிடத்துக்கு ஒரு பெட்டிசம் எழுதிப்போட்டார். எழுதுவினைஞர் நஜ்முன் நிஸா ஒரு கள்ளி, ஏழைகளின் பங்கில் கைவைக்கிறாள் என்று.

இரண்டு கிழமையில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

விசாரித்த கந்தோர்ப் பெரியவருக்குத் தனி அறை இல்லை. எல்லாருக்கும் ஒரே மண்டபம்தான். சன்னலோரக் கதிரையில் வழக்கம்போல அந்த ஆள் இருந்தான். சிவில் உடுப்பு, கையில் பத்திரிகை. அவனுக்கு அங்கே என்ன வேலை என்று சின்னராசா ஒருநாளும் யோசித்ததில்லை.

“மிஸ், இவற்ர விண்ணப்பத்தை ஏன் திருப்பித் திருப்பிக் குடுத்தனீங்கள்?” என்று பெரியவர் கேட்டார்.

“குடும்ப விபரத்தில ஒரு பிழை சேர்,” என்றாள் நஜ்முன் நிஸா, தலையை நிமிர்த்தாமல்.

“என்ன பிழை? ஐயா, வீட்டில எத்தனை பேர்?”

“நாலு பேர்!” மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார் சின்னராசா.

சன்னலோரத்தில் பத்திரிகை கொஞ்சம் இறங்கியது.

“அப்ப இப்பவே ரைப் பண்ணி ஐயாட்டைக் கையெழுத்தை வாங்குங்கோ. இண்டைக்கே நான் அனுமதிக்கிறன்.”

சின்னராசாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நஜ்முன் நிஸா காபன் வைத்து மூன்று பிரதி அடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். தன் பெயர், மனைவி பெயர், மகள் பெயர். அவ்வளவுதான்.

“பாருங்கோ ஐயா! உங்கட கண்ணுக்கு முன்னாலயே ஒரு ஆளைக் காணேல்லை!”

பெரியவர் வாய் திறக்குமுன் சன்னலோரத்து ஆள் எழுந்து வந்தான். யாரையும் கேட்கவில்லை. தினமும் செய்கிற வேலையைப்போல மூன்றாவது பிரதியை எடுத்தான். பெயர்களை அவன் பார்க்கவேயில்லை. வயதுகளின் மேல் மட்டும் விரலை ஓட்டினான். நாற்பத்தொன்பது, நாற்பத்துமூன்று, பன்னிரண்டு.

“நாலு ஆள் சொன்னது, இதில மூணு,” என்றான் அரைகுறைத் தமிழில். “மற்ற ஆளுக்கு வயசு எத்தனை?”

நஜ்முன் நிஸாவின் கையிலிருந்த பேனை கீழே விழுந்து உருண்டது.

வயதைக் கேட்டபோதுதான் சின்னராசாவுக்கு விளங்கியது. சாட்சிக்கென்று கொண்டுவந்த அந்த மூன்று விண்ணப்பங்களும் அவருடைய சட்டைப் பைக்குள் இருந்தன. மூன்றிலும் குகன், வயது பத்தொன்பது. அவர் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

“எழுபத்தெட்டு ஐயா,” என்றார். “என்ர அம்மா. போன தையில செத்துப்போனா. ஒரு பங்கு கூடக் கிடைக்கும் எண்டு அவவையும் சேர்த்துச் சொல்லிப்போட்டன். வீட்டில மூண்டு பேர்தான்.”

“அப்ப கள்ளன் நீர்!” பெரியவர் சீறினார். “இந்தப் பிள்ளையைக் கள்ளி எண்டு பெட்டிசம் வேற! மன்னிப்புக் கேளும்.”

சிவில் உடுப்புக்காரன் சிரித்தபடி தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

சின்னராசா கைகூப்பினார். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை.”

நஜ்முன் நிஸா குனிந்து பேனையை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் வாசல்வரை கேட்டது.

“இனிமேலாவது வீட்டில எத்தனை பேர் எண்டு மறந்துடாதீங்க, அண்ணன்.”